மீட்டர் வைத்த பிறகு கழற்று

சிங்கப்பெருமாள் கோயிலில் நின்று எந்தப் பக்கம் போனாலும் வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்று வரும். வடக்கே மறைமலை நகர். 2022 வரை அங்கே ஃபோர்டு கார்கள் உருவாகின. தெற்கே பரனூர் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டி, 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ. கார்களை அங்கேதான் பூட்டுகிறார்கள். மேற்கே ஒரகடம் ரோட்டில் போனால் 2010-ல் திறந்த ரெனோ-நிசான், 2012-ல் திறந்த பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை. இத்தனைக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டோரத்தில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன் நான்.

விடிகாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போகும் வேன்கள் கடை வாசலில் வந்து நிற்கும். டாஷ்போர்டில் பேட்டரி படம் சிவப்பாக எரியும். டிரைவர் இறங்கும்போதே தீர்ப்போடு இறங்குவார்: "ஆல்டர்நேட்டர் போச்சுண்ணே, வேற ஒண்ணு போட்டுடுங்க." மீட்டரை எடுத்தால் அவருக்குப் பொறுக்காது. ஷிப்டுக்கு நேரமாகிறது, ஓனர் போனில் கத்துகிறார். அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் போனது ஆல்டர்நேட்டர்தானா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் நம் தொழிலிலிருந்து நழுவிக்கொண்டே போகிறது. அதுதான் என் கவலை.

நான் தொழில் கற்றது எண்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு பாய் கடையில். அப்போது ஜி.எஸ்.டி. ரோடு இருவழிதான், இருபுறமும் புளியமரம். பாயிடம் இருந்த சாமான்களை ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். பன்னிரண்டு வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப், ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டர், இரண்டு முள் வைத்த செல் டெஸ்டர், சால்ட்ரிங் இரும்பு, ஸ்பேனர் செட். மீட்டர் என்று ஒன்று இருந்தது. ஊசி ஆடும் பழைய மீட்டர். அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பார். நாங்கள் பையன்கள் தொடக்கூடாது.

அன்றைய பேட்டரி தன் வயிற்றைத் திறந்து காட்டும். கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார் பூச்சு, ஒவ்வொரு செல்லுக்கும் தனி மூடி. மூடியைத் திருகி ஹைட்ரோமீட்டரை விட்டால் முழு சார்ஜில் 1.250 பக்கம் மிதக்கும். ஆறு செல்லில் ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் 1.150-ல் கிடந்தால் பேட்டரி முடிந்தது. ஆறுமே ஒரே அளவில் இறங்கியிருந்தால் பேட்டரியில் குற்றமில்லை, அதற்குச் சோறு வரவில்லை. "ஒரு பிள்ளை மட்டும் இளைச்சிருந்தா அந்தப் பிள்ளைக்கு நோவு. ஆறு பிள்ளையும் இளைச்சிருந்தா அடுப்புல பாரு" என்பார் பாய். பேட்டரியா, சார்ஜிங்கா என்ற முதல் கேள்வியை அப்படித்தான் பிரித்தோம். இன்றைய சீல் வைத்த பேட்டரியில் மூடியே இல்லை. அதே கேள்விக்கு இப்போது லோடு டெஸ்டரும் வோல்ட்மீட்டரும்தான் பதில் சொல்ல வேண்டும். கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்த வருடங்களில் டைனமோ வைத்த பழைய அம்பாசடர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் தராது. வண்டி வேகமெடுத்தால்தான் தரும். லூகாஸ் சி40 என்ற டைனமோ முழு மூச்சில் ஓடினாலும் 22 ஆம்பியர்தான். ஹெட்லைட் இரண்டையும் போட்டாலே அதில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். அதனால் இரவில் ரயில்வே கேட் மூடியிருந்தால் டிரைவர்கள் தாமாகவே லைட்டை அணைப்பார்கள். என்ஜின் மெதுவாக ஓடும்போது பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் பாயாமல் இருக்க கட்-அவுட் என்ற சின்னப் பெட்டி உண்டு. அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் செத்துக் கிடக்கும். பாய் அந்தப் பாயின்டை வழவழ எமரித்தாளால் இழுத்துத் துடைத்துவிட்டு, இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து சரிசெய்வார்.

பிறகு ஆல்டர்நேட்டர் பரவியது. 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நம் பாடியிலேயே இருக்கும் கம்பெனி. அங்கிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும்போது பாய் முகத்தில் தெரிந்த மரியாதை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஐடிலிங்கிலேயே சார்ஜ் தரும். கம்யூட்டேட்டர் தேய்மானம் கிடையாது. கட்-அவுட் பெட்டியின் வேலையை உள்ளே இருக்கும் டயோடுகளே செய்யும். அன்று பாய் எங்களை நிற்கவைத்து ஒரு விதி சொன்னார். டைனமோ காலத்தில் பல கடைகளில் ஒரு பழக்கம் இருந்தது. என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்று கணக்கு. "இனிமே எவனாவது ஓடுற வண்டியில டெர்மினலைப் புடுங்கினா கையை ஒடிப்பேன்" என்றார். காரணம் உண்டு. ஆல்டர்நேட்டர் பாட்டுக்குக் கரண்ட் தந்துகொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் வோல்டேஜ் ஒரு நொடியில் பல மடங்கு எகிறும். அன்று போனது டயோடு. இன்று போவது என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். ஆனாலும் இந்தப் பழக்கத்தை இன்றும் செல்போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வருகிற பையன்கள் இருக்கிறார்கள்.

சிவப்பு விளக்கைப் படிக்கவும் பாய்தான் கற்றுக்கொடுத்தார். சாவி போட்டதும் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் எல்லாரும் ஓடிவருவார்கள். சாவி போட்டு எரியாவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பல வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ரோட்டருக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. பல்பு ஃபியூஸானால் ஆல்டர்நேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும், அல்லது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்த பிறகுதான் விழிக்கும். இப்போது அழகுக்காக டாஷ்போர்டு பல்புகளை எல்.இ.டி.யாக மாற்றிவிட்டு, "அண்ணே, ரேஸ் பண்ணாத்தான் சார்ஜ் ஏறுது" என்று வரும் பழைய வேன்கள் உண்டு. எல்.இ.டி. வழியாகப் போகும் கரண்ட் அந்த வேலைக்குப் போதாது. பழைய பல்பைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது.

ரோட்டருக்குக் காந்தம் வருகிறதா என்று பார்க்க பாய்க்கு மீட்டர் வேண்டாம். சாவியைப் போட்டு, என்ஜினை ஓட்டாமல், ஆல்டர்நேட்டரின் பின்பக்க பேரிங் அருகே ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோவார். வெடுக்கென்று இழுத்தால் பிரஷ்ஷும் ரோட்டரும் சரி. பெல்ட்டை இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்துவார். அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் இறுக்கு. புல்லியின் அடிக்குழி கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெல்ட் பக்கவாட்டில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, பெல்ட்டையோ புல்லியையோ மாற்று. கடைசியாக டெர்மினல்களைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் அங்கே கரண்ட் தடுமாறுகிறது.

அந்தக் கடையில் நான் பார்த்த ஒரு மெட்டடார் வேனைச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்றிப் போய் வரும் வண்டி. செல்ஃப் இழுக்கவில்லை, லைட் மங்கல், அடிக்கடி பேட்டரி டவுன். டிரைவர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்: ஆக்சிலரேட்டர் கேபிள் அடிக்கடி இறுகிப் போகிறது, நேற்று அதிலிருந்து புகை வந்தது. அவர் அதை வேறு கோளாறு என்று நினைத்திருந்தார். பாய் அதைக் கேட்டதும் பேட்டரி பக்கமே போகவில்லை. ஒரு தடித்த ஜம்பர் ஒயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, "அடி" என்றார். செல்ஃப் ஒரே இழுப்பில் பிடித்தது.

என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டை உப்பு அரித்து அறுந்திருந்தது. என்ஜினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி தேடிய கரண்ட், கண்ணில் பட்ட ஆக்சிலரேட்டர் கேபிளில் புகுந்துவிட்டது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த மெல்லிய கம்பி எப்படித் தாங்கும்? அதனால்தான் புகை.

எங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மரை வலம்வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். பல்லவர் காலக் குடவரை, மூலவர் பாறையோடு பாறையாக இருக்கிறார். முன்பக்கம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் வலம் முடிந்ததாகாது, மலைக்குப் பின்னால் போய்ச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். வண்டிக் கரண்ட்டும் அப்படித்தான். பிளஸ்ஸில் புறப்பட்டது மைனஸுக்குத் திரும்பி வந்தால்தான் சார்ஜ். போகும் வழிக்குச் சிவப்பு ஒயர், ஃபியூஸ், கலர் கோடு எல்லாம் உண்டு. திரும்பும் வழிக்கு என்ஜின் பாடி, சேஸிஸ், ஒரு பட்டை, இரண்டு போல்ட்டு. யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

நம் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஈ.சி.ஆர். ரோட்டில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று ஓடும் வேன்களில் கடற்காற்று உப்பு எல்லா மூட்டிலும் உட்காரும். மீன் ஏற்றும் வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தினமும் சேஸிஸில் சொட்டும். செம்பு ஒயர் வெளியே பார்க்கப் புதுசாக இருக்கும். ஒயர் முனையில் லக் அழுத்திய இடத்தில் பிளாஸ்டிக் உறையை அரை அங்குலம் கிழித்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளில் ஆல்டர்நேட்டரைக் கழுவி பேரிங் மாற்றிக் கொடுத்தோம். அந்த வருடத்து எர்த் மூட்டுகள் பிறகும் பல மாதங்களுக்கு ஒன்றொன்றாக வந்துகொண்டே இருந்தன.

இப்போது இன்றைய கதை. கொஞ்ச நாள் முன்பு ஒரு கம்பெனி ஸ்டாஃப் வேன் வந்தது. பி.எஸ்.6 வண்டி, ஏ.சி. உண்டு. பேட்டரி விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, கூடவே ஏ.பி.எஸ். விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு. இங்கே வருவதற்கு முன் வேறு ஓரிடத்தில் ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள். வரிசையாகக் கோளாறுக் கோடு (code) வந்திருக்கிறது. அதில் ஒன்று பி0562, அதாவது சிஸ்டம் வோல்டேஜ் குறைவு. முதலில் பேட்டரியை மாற்றினார்கள். தீரவில்லை. அடுத்து ஆல்டர்நேட்டரை மாற்றினார்கள். தீரவில்லை. மூன்றாவதாக ஒயரிங் செட்டையே மாற்ற வேண்டும் என்றதும் ஓனர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. வோல்டேஜ் குறைகிறது என்று அது சொன்னது உண்மை. ஏன் குறைகிறது என்று அது சொல்லவே இல்லை. சொல்லவும் அதனால் முடியாது. வோல்டேஜ் விழுந்தால் ஏ.பி.எஸ். பெட்டி ஒரு கோடு எழுதும், ஸ்டீயரிங் பெட்டி ஒரு கோடு எழுதும். பத்துக் கோடும் ஒரே பசிக்கு அழும் குரல்கள்தான்.

என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏ.சி., புளோயர் எல்லாம் போட்டு மீட்டர் வைத்தேன். ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும் நடுவே 14.3 வோல்ட். உருப்படி அருமையாக வேலை செய்கிறது. பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே 12.9. வழியில் 1.4 வோல்ட் காணோம். பிளஸ் பக்கம், பி பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ் வரை: 0.2. அது சரி. மைனஸ் பக்கம், ஆல்டர்நேட்டர் பாடியிலிருந்து பேட்டரி மைனஸ் வரை: 1.2. காணாமல் போனது அங்கே இருக்கிறது. ஒரு முள்ளை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றை நகர்த்தினேன். என்ஜின் பிளாக்கில் 1.2, சேஸிஸ் போல்ட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நடுவில் இருப்பது எர்த் பட்டை மட்டும். லக்கைத் தொட்டேன், சுட்டது.

இங்கேதான் பையன்கள் தடுக்கிவிழுகிறார்கள். என் உதவியாள் பையன் மீட்டரை ஓம்ஸில் வைத்து அந்தப் பட்டையைத் தொட்டான்; பீப் என்று சத்தம் வந்தது. "கன்டினியூட்டி இருக்கேண்ணே" என்றான். இருக்கத்தான் செய்யும். பட்டையின் இழைகளில் பெரும்பாலானவை அரித்துப் போய் சில மட்டும் பிழைத்திருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். அது அனுப்பிப் பார்க்கும் கரண்ட் அவ்வளவு சின்னது. கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது சுமார் 40 ஆம்பியர். 1.2-ஐ 40-ஆல் வகுத்தால் 0.03 ஓம். சாதாரண மீட்டரின் முள் ஒயருக்கே அதைவிட அதிக ஓம் உண்டு. ஆனால் 40 ஆம்பியர் ஓடும்போது அதே 0.03 ஓம், அந்த ஒரு லக்கில் 48 வாட்டைச் சூடாகக் கொட்டுகிறது. அதனால் மூட்டுகளை வேலை செய்யும்போதுதான் சோதிக்க வேண்டும். லோடு போடு, வோல்ட்டில் வை, எங்கே விழுகிறது என்று பார். பாய் கையால் தொட்டுக் கண்டுபிடித்ததும் இந்த 48 வாட்டைத்தான்.

புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வேஸ்லின் பூசினேன். பேட்டரியில் 14.1. கோடுகளை அழித்தேன், திரும்ப வரவில்லை. மெட்டடார் காலத்தில் ஒரு ஜம்பர் ஒயரில் தெரிந்த அதே நோய்தான். இந்த முறை அதற்கு ஒரு புது பேட்டரியும் ஒரு புது ஆல்டர்நேட்டரும் பலியாகிவிட்டன. பணம் கட்டியவர் கடன் வாங்கி வேன் ஓட்டுகிறவர்.

புது வண்டிகள் கெட்டவை என்று நான் சொல்லவரவில்லை. அவற்றுக்குப் படிக்க வேண்டியது அதிகம், அவ்வளவுதான். சில புது வண்டிகளில் எவ்வளவு சார்ஜ் தர வேண்டும் என்று ஆல்டர்நேட்டருக்கு ஈ.சி.எம். உத்தரவிடுகிறது. டீசல் மிச்சம் பிடிக்க, பேட்டரி நிறைந்திருந்தால் 12.8-க்கு இறக்கிவிடும், பிரேக் அடிக்கும்போது 14.8-க்கு ஏற்றும். பழைய கணக்கில் 14.2 எங்கே என்று தேடுகிறவன் நல்ல ஆல்டர்நேட்டரைக் கழற்றிவிடுவான். அத்தகைய வண்டியில் மைனஸ் டெர்மினல் மேலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். கூடுதலாகப் போட்ட ஆம்ப்ளிஃபையர், சீரியல் லைட், கேமரா இவற்றின் எர்த்தை நேரே பேட்டரி கம்பத்தில் கட்டினால் சென்சாருக்குக் கணக்குத் தப்பும். சேஸிஸில் கட்ட வேண்டும். இதைச் சொல்ல ஸ்கேனர் வேண்டும், கம்பெனி புத்தகம் வேண்டும். நான் ஸ்கேனரை விரும்பி வாங்கியவன். அதை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்குவது தனிக் கதை. ஜி.பி.எஸ். கருவி, கேமரா, பாட்டுப் பெட்டி என்று வேனில் எல்லாம் ஏறிவிட்டது. வண்டியைப் பூட்டி அரைமணி, ஒருமணி விட்டு மைனஸில் கிளாம்ப் மீட்டர் போட்டால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் எந்த ஃபியூஸ் வழியாகப் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

என் தொழில்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன்களுக்குக் கழற்றிப் பூட்டுவதைக் கற்றுக்கொடுக்கும் முன் வோல்டேஜ் டிராப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளிடம் தியரி இருக்கிறது. கறுத்த லக்கில் முள்ளை அழுத்திப் பிடித்த பழக்கம் இல்லை. அதை நாம்தான் தர வேண்டும். பாய் எனக்குச் சும்மாதான் கொடுத்தார்.

வேன் வைத்திருப்பவர்களே, ஆல்டர்நேட்டருக்குப் பணம் எடுப்பதற்கு முன் நான்கு அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்: ராத்திரி நின்ற பேட்டரி எவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு, லோடு போட்டு ஓடும்போது ஆல்டர்நேட்டரில் எவ்வளவு, அதே நேரம் பேட்டரியில் எவ்வளவு. நின்ற பேட்டரி 12.6 பக்கம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. கடைசி இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆல்டர்நேட்டரைக் கழற்ற விடாதீர்கள். முதலில் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.